எண்ணப்படாத நோயாளிகள்: பக்கவாதச் சிகிச்சையின் தரத்தை அளப்பது பற்றி

(கொச்சி மட்டாஞ்சேரியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். மேடையில் இடையிடையே சொன்ன சில செய்திகள் நீக்கப்பட்டுள்ளன.)



பக்கவாதம் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், அதை எப்படித் தடுப்பது என்று சொல்லுங்கள் என அன்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டார்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, உப்பு, புகை ஆகியவற்றைப் பற்றி இந்த ஊரில் நன்றாகவே எடுத்துச் சொல்கிறார்கள். ஆஷா தொண்டர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சொல்லும் மாநிலம் இது. நான் எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்த கட்டம். ஒருவருக்கு வாய் கோணி, கை துவண்டு, பேச்சு குழறிவிட்டது. தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட்டோம். அங்கே அவருக்குக் கிடைக்கும் சிகிச்சை தரமானதுதானா? அதை யார் அளக்கிறார்கள்? எதைக்கொண்டு அளக்கிறார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அளவையில் பெரிய தவறு, யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறோம் என்பதில்தான் நேர்கிறது. நேரம் கழித்து வந்தவர், ஊசி பெறாதவர், இரவில் வந்தவர், பாதியில் வீட்டுக்குக் கூட்டிப்போகப்பட்டவர், வீடு திரும்பிப் படுக்கையில் கிடப்பவர் ஆகியோரை விட்டுவிட்டு எடுக்கும் எந்த எண்ணும் மருத்துவமனைக்கு நற்சான்று ஆகலாம். நோயாளிக்கு அதனால் பயன் இல்லை.

பஜார் சாலையில் மிளகு வாணிபம் செய்த குடும்பத்தார் இங்கே இருப்பீர்கள். மூட்டையின் மேல்வாயில் ஒரு கை அள்ளிப் பார்த்து விலை பேசுகிறவரை நீங்கள் வியாபாரி என்று ஒப்புக்கொள்ள மாட்டீர்கள். நடுவிலும் அடியிலும் குத்தி எடுத்துப் பார்ப்பீர்கள். மருத்துவமனைத் தரத்தை நாம் இன்னும் மேல்வாயில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மூட்டையின் அடி வரை பார்த்த ஒரு கணக்கு கேரளத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்து நரம்பியல் மருத்துவர்கள் நடத்திய பக்கவாதப் பதிவேடு அது. முடிவுகள் 2009-இல் வெளிவந்தன. மருத்துவமனைக்கு வந்தவர்களோடு நிற்காமல் ஊருக்குள்ளும் தேடிப்போய், ஆறு மாதத்தில் 541 பேரைப் பதிவு செய்தார்கள். நகரில் 431 பேர், கிராமப் பகுதியில் 110 பேர். நோய் வரும் அளவு இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஆண்டுக்கு லட்சம் பேரில் 135 நகரில், 138 கிராமத்தில். ஆனால் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நகரில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். வருவது ஒரே அளவு, பிழைப்பது வெவ்வேறு அளவு. எழுத்தறிவிலும் ஆயுளிலும் இந்தியாவில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தின் தலைநகரையும் அதன் அக்கம்பக்கத்தையும் பற்றிய எண்கள் இவை. ஏதேனும் ஒரு பெரிய மருத்துவமனையின் வார்டில் மட்டும் உட்கார்ந்து எண்ணியிருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது.

1. இரண்டு கடிகாரங்கள்

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அதைக் கரைக்கும் ஊசி உண்டு. ஆல்டெப்ளேஸ் என்ற அந்த மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் தரும் என்பது 1995-இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் உறுதியானது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. வரம்பு நீண்டது என்பதற்காக ஆற அமரப் போகலாம் என்று பொருள் இல்லை. பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்.

எனவே உலகெங்கும் மருத்துவமனைகள் அளப்பது, நோயாளி வாசலுக்கு வந்த நேரத்திலிருந்து ஊசி ஏறும் நேரம் வரை. அறுபது நிமிடத்துக்குள் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட இலக்கு. நல்ல அளவுதான். குறையவும் குறையும். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல் இந்த நேரம் 105 நிமிடம். 2011-இல் 20 நிமிடம். புதிய மருந்தோ புதிய எந்திரமோ அந்த வேலையைச் செய்யவில்லை. நோயாளி வந்துகொண்டிருக்கிறார் என்று ஆம்புலன்ஸிலிருந்தே தகவல் வந்தது. அவருடைய பழைய நோய் விவரங்களை வழியிலேயே கேட்டு வாங்கினார்கள். அவசரப் பிரிவுக் கட்டிலில் இறக்காமல், ஆம்புலன்ஸ் படுக்கையோடு நேரே சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிப் போனார்கள். ஸ்கேன் எந்திரத்தை அவசரப் பிரிவுக்குப் பக்கத்துக்கே கொண்டுவந்தார்கள். தேவையில்லாத இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருப்பதை நிறுத்தினார்கள். மருந்தை அந்த மேசையிலேயே ஏற்றினார்கள். இப்படி 12 மாற்றங்கள், 13 ஆண்டுகளில். ஒவ்வொரு நோயாளிக்கும் எந்த இடத்தில் எத்தனை நிமிடம் போனது என்று எழுதி வைத்ததால்தான் எதை மாற்றுவது என்று தெரிந்தது.

இதே முறையை ஆஸ்திரேலியாவில் ராயல் மெல்போர்ன் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நாலு மாதத்தில், பகல் வேலை நேரத்தில் வந்தவர்களுக்கு 43 நிமிடம் 25 ஆகக் குறைந்தது. இரவிலும் விடுமுறையிலும் வந்தவர்களுக்கு 67 நிமிடம் 62 ஆனது, அவ்வளவுதான். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நல்ல முன்னேற்றமாகத் தெரியும். பக்கவாதம் அலுவல் நேரம் பார்த்து வருவதில்லை. இரவைத் தனியாக எழுதாத மருத்துவமனையின் சராசரியை நான் நம்புவதில்லை.

ஆனால் இந்தக் கடிகாரம் இரண்டாவது. முதல் கடிகாரம் வீட்டில் ஓடத் தொடங்குகிறது. உங்கள் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். செர்லாயிலோ கூவப்பாடத்திலோ சந்துக்குள் இருக்கும் வீட்டில் மாடிப்படி இறக்கி, நாற்காலியில் உட்காரவைத்துத் தெருமுனை வரை தூக்கிவர வேண்டும். 108 வண்டி வந்தாலும் சந்துக்குள் நுழையாது. அங்கிருந்து தோப்பும்படி, வெல்லிங்டன் தீவு, பாலம் எல்லாம் தாண்டி எர்ணாகுளம் போய்ச் சேர வேண்டும். மாலை நேரத்து நெரிசலில் அது எவ்வளவு நேரம் என்பதை என்னைவிட நீங்கள் அறிவீர்கள். பக்கத்திலேயே இருக்கிறது என்று ஸ்கேன் வசதி இல்லாத சின்ன மருத்துவமனை ஒன்றில் முதலில் இறங்கி, சொட்டு மருந்து ஏற்றிக்கொண்டு, அங்கிருந்து எழுதிக் கொடுத்து அனுப்பினால் இன்னும் ஒரு மணி நேரம் போகும். பெரிய மருத்துவமனையின் புத்தகத்தில் இது எதுவும் ஏறாது. அங்கே கடிகாரம் வாசலில்தான் தொடங்குகிறது.

ஆகவே ஒவ்வொரு பக்கவாத நோயாளியின் கேஸ் ஷீட்டிலும் மூன்று நேரங்கள் எழுதப்பட வேண்டும்: அவர் நன்றாக இருந்ததைக் கடைசியாக ஒருவர் பார்த்த நேரம், முதன்முதலில் ஏதேனும் ஒரு மருத்துவமனையில் நுழைந்த நேரம், இங்கே வந்து சேர்ந்த நேரம். முதல் நேரத்தை எழுத வீட்டார் உதவ வேண்டும். தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், இரவு படுக்கப்போன நேரம்தான் கணக்கு. மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். அதற்கு வீட்டில் ஒருவராவது தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

2. ஊசி பெறாதவர்கள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானிக்கிறேன். என் பேச்சின் நடு இதுதான்.

ஒரு மருத்துவமனைக்கு ஓர் ஆண்டில் 400 பக்கவாத நோயாளிகள் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 40 பேருக்குக் கட்டி கரைக்கும் ஊசி போடப்படுகிறது. அந்த 40 பேருக்கும் அறுபது நிமிடத்துக்குள் போட்டாயிற்று. மருத்துவமனை பெருமையோடு 100 சதவீதம் என்று எழுதுகிறது. மீதி 360 பேர்? நேரம் கடந்து வந்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். மூளையில் இரத்தம் கசிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்த ஊசியே ஆகாது. அடைப்பு சிறியது என்று விடப்பட்டவர்களும் உண்டு. இந்த 360 பேருக்கும் சிகிச்சை உண்டு. அதற்கும் தரம் உண்டு. அதை அளப்பார் இல்லை.

அந்தச் சிகிச்சையின் பெயர் சிறப்புக் கவனிப்பு வார்டு. பக்கவாத நோயாளிகளை மருத்துவமனை முழுக்கச் சிதறவிடாமல் ஒரே வார்டில் வைத்து, பழக்கமான செவிலியர், மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர் சேர்ந்து பார்த்தால் என்ன ஆகும் என்று பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நூறு பேருக்கு இரண்டு பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள். ஆறு பேர் கூடுதலாகத் தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலைக்குத் திரும்புகிறார்கள். இது ஊசி போட்டவர்களுக்கு மட்டும் உள்ள பலன் இல்லை, எல்லோருக்கும் உள்ளது. கேரள அரசின் ‘சிரஸ்’ திட்டம் மாவட்ட அளவு அரசு மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவுகளை ஏற்படுத்த முனைந்ததன் நியாயம் இதில் இருக்கிறது. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேருக்கு விலையுயர்ந்த ஊசி இலவசமாகப் போடப்பட்டது என்பதையே செய்தியாக்குகிறோம். எத்தனை பேருக்கு அந்த வார்டில் படுக்கை கிடைத்தது என்பதையும் கேட்க வேண்டும்.

அந்த வார்டில் அப்படி என்னதான் செய்கிறார்கள்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சாண்டி மிடில்டன் என்ற செவிலியப் பேராசிரியர் நடத்திய ஆய்வு இதற்கு மிகத் தெளிவான விடை தருகிறது. 2011-இல் வெளியானது. 19 பக்கவாத வார்டுகளை எடுத்துக்கொண்டு, 10 வார்டுகளில் செவிலியருக்கு மூன்று காரியங்களில் பயிற்சி கொடுத்தார். ஒன்று, முதல் மூன்று நாள் நாலு மணிக்கொரு முறை காய்ச்சல் பார்ப்பது, 37.5 டிகிரி செல்சியஸ் தொட்டதும் பாராசிட்டமால் கொடுப்பது. இரண்டு, சர்க்கரையை அடிக்கடி பார்த்து, ஏறினால் உடனே இன்சுலின் தொடங்குவது. மூன்று, வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுப்பதற்கு முன் நோயாளியால் விழுங்க முடிகிறதா என்று சோதிப்பது. மற்ற ஒன்பது வார்டுகளுக்கு வழக்கமான வழிகாட்டிக் குறிப்பு மட்டும் கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இறந்தவர்களும் பிறர் உதவியில்லாமல் இருக்க முடியாதவர்களும் சேர்ந்து, வழக்கமான வார்டுகளில் 58 சதவீதம். பயிற்சி பெற்ற வார்டுகளில் 42 சதவீதம்.

இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தரும் மருந்து பக்கவாதத்தில் மிக அரிது. தெர்மாமீட்டரும், விரலில் குத்திப் பார்க்கும் கருவியும், ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். இவை இல்லாத தாலுகா மருத்துவமனை கேரளத்தில் இல்லை.

விழுங்கும் சோதனையை மட்டும் இன்னும் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் இதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் பலருக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்துவிடும். பார்த்தால் தெரியாது. நாக்கு வறண்டு கிடக்கிறாரே என்று மகளோ மருமகளோ அன்போடு ஊட்டும் கஞ்சித் தண்ணீர் உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கும். இருமல்கூட வராமல் இறங்கும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் காய்ச்சல், பிறகு நியூமோனியா. வாதத்தில் பிழைத்தவர் நெஞ்சுச் சளியில் போய்விட்டார் என்று ஊரில் சொல்வோம். அது விதியாகத் தோன்றும். பல நேரங்களில் அது செய்யப்படாத ஒரு சோதனை. ஒவ்வொரு பக்கவாத நோயாளிக்கும், வாய்வழியாக எதையும் கொடுப்பதற்கு முன் இந்தச் சோதனை நடந்ததா என்று ‘ஆம்’, ‘இல்லை’ என ஒரு கட்டத்தில் எழுதினால் போதும். மாத முடிவில் கூட்டினால் அந்த வார்டின் தரம் தெரிந்துவிடும். நரம்பியல் நிபுணர் இல்லாத மருத்துவமனையிலும் இதை அளக்கலாம்.

பின்வரிசையில் சீருடையோடு அமர்ந்திருக்கும் செவிலியர் மாணவியர் இதைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வளைகுடாவிலும் இந்த மூன்று காரியங்களை அன்றாடம் செய்துகொண்டிருப்பவர்களில் உங்கள் அக்காமார்கள் ஏராளம். கேரளத்துச் செவிலியர் இல்லாமல் உலகின் பல வார்டுகள் இயங்கா. அங்கே அவர்களுக்குத் தாமே முடிவெடுத்துச் செய்யும் அதிகாரம் எழுத்தில் இருக்கிறது. இங்கே அதே கைகளுக்கு ஒரு பாராசிட்டமால் கொடுக்கவும் ‘டாக்டர் வரட்டும்’ என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. தரத்தை உயர்த்தப் புதுக் கட்டடம் கேட்பதற்கு முன் அந்த அதிகாரத்தைக் கேட்போம்.

3. இறப்பு விகிதம் சொல்லாதவை

இந்த மருத்துவமனையில் பக்கவாதத்தில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று கேட்பது இயல்பு. ஆனால் அந்த எண் இரண்டு விதங்களில் ஏமாற்றும்.

முதலாவது, வந்தவரின் நிலை. மிக மோசமான நோயாளிகளை மற்றவர்கள் அனுப்பிவைக்கும் மருத்துவமனையில் இறப்பு கூடத்தான் இருக்கும். ஆகவே வந்தவுடன் பாதிப்பின் கடுமையை மதிப்பெண்ணாக எழுத வேண்டும். அதற்கு 0 முதல் 42 வரையிலான ஓர் அளவுகோல் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அது எழுதப்படாத கேஸ் ஷீட்டை வைத்து இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டால், கடினமான நோயாளிகளை ஏற்றுக்கொண்ட மருத்துவமனைக்கே தண்டனை. அடுத்த ஆண்டு அது ஏற்றுக்கொள்வதை நிறுத்திவிடும்.

இரண்டாவது, நம் நாட்டில் அடிக்கடி நடப்பது. மருத்துவர் கைவிரித்ததும், அல்லது பணம் கரைந்ததும், வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய்விடுகிறார்கள். கடைசி மூச்சு வீட்டில் போகட்டும் என்ற எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் புத்தகத்தில் அவர் மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறியவர். இறந்தவர் பட்டியலில் வரமாட்டார். பிழைத்தவர் பட்டியலில் வந்தாலும் வந்துவிடுவார். தனியார் மருத்துவமனையில் செலவு ஏற ஏற இப்படிப் போகிறவர்கள் கூடுவார்கள், இறப்பு விகிதம் அழகாகிக்கொண்டே போகும். வெளியேறியவர்களைத் தனி வரிசையாகக் காட்டாத எந்த இறப்புக் கணக்கும் அரைக் கணக்குதான்.

மாற்று வழி பழையது. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் நூறு ஆண்டுக்கு முன்பே சொன்னார்: ஒவ்வொரு நோயாளியையும், மருத்துவமனையை விட்டுப் போன பிறகும் தேடிப்பிடித்து, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் என்று எழுதுங்கள். அவர் நடத்திய சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை வெளியேறிய 337 பேரில் 123 தவறுகளைத் தாமே குறித்து அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கினார்கள். இன்று உலகம் அவர் வழியில்தான் நடக்க முயல்கிறது.

பக்கவாதத்தில் அப்படித் தேடிக் கேட்க வேண்டிய தேதி மூன்றாம் மாதம். 90-ஆம் நாள் வாக்கில் தொலைபேசியில் அழைத்துக் கேட்கலாம்: தாமே நடக்கிறாரா, குளிக்கிறாரா, பழைய வேலைக்குப் போகிறாரா, மாத்திரை தொடர்கிறாரா. பத்து நிமிட வேலை. அதில் கிடைக்கும் விடை வேறு எந்தச் சான்றிதழிலும் கிடைக்காது.

மட்டாஞ்சேரியில் இந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது மொழி. கொங்கணி, குஜராத்தி, கட்ச்சி, தக்னி, தமிழ், மலையாளம் என்று ஒரே தெருவில் கேட்கும் ஊர் இது. பக்கவாதம் பேச்சைத் தாக்கும் நோய். இரண்டு மொழி பேசியவருக்கு இரண்டும் ஒரே அளவில் திரும்ப வேண்டும் என்பதில்லை. வீட்டில் கொங்கணியும் கடைத்தெருவில் மலையாளமும் பேசிய ஒரு பாட்டியிடம் மருத்துவர் மலையாளத்தில் கேள்வி கேட்டு, பதில் வராததைக் கண்டு பேச்சு போய்விட்டது என்று எழுதக்கூடும். பேத்தியிடம் அவர் கொங்கணியில் சாப்பாடு கேட்டுக்கொண்டிருப்பார். எதிர்மாறாக, தலையாட்டுவதை வைத்துப் புரிகிறது என்று எழுதிவிட்டு, பாதிப்பைத் தவறவிடுவதும் நடக்கும். எந்த மொழியில் சோதித்தோம் என்று ஒரு சொல் எழுதினால் பின்னால் வருகிறவர் ஒப்பிட முடியும். இந்த ஊரில் சாதாரணமாகவே மூன்று நாலு மொழி பேசும் இளைஞர்கள் இருக்கிறீர்கள். மூன்றாம் மாதத் தொலைபேசி அழைப்புக்கு உங்களைவிடத் தகுதியானவர்கள் கிடையாது.

வீட்டுக்கே போய்ப் பார்க்கவும் இங்கே ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவில் வலிதணிப்புச் சிகிச்சைக்கு முதன்முதலில், 2008-இல், அரசுக் கொள்கை வகுத்த மாநிலம் கேரளம். உள்ளாட்சிகள் வழியாகச் செவிலியர் படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். அவர்கள் பார்ப்பவர்களில் பக்கவாத நோயாளிகள் பலர். அந்தச் செவிலியரின் குறிப்பேட்டுக்கும் சிகிச்சை தந்த மருத்துவமனையின் குறிப்பேட்டுக்கும் இடையே ஒரு தாள்கூடப் போய்வருவதில்லை என்றால், தன் வேலை எப்படி முடிந்தது என்பது மருத்துவமனைக்கு ஒருநாளும் தெரியவராது.

4. அளப்பதால் மட்டும் மாறுமா?

இவ்வளவு நேரம் அளவையைப் புகழ்ந்தேன். இப்போது அதன் எல்லையைச் சொல்ல வேண்டும். அதற்கும் கேரளமே சான்று தருகிறது.

2014 நவம்பர் முதல் 2016 நவம்பர் வரை, கேரளத்தின் 63 மருத்துவமனைகளில் மாரடைப்புச் சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 21,374 நோயாளிகள். மருத்துவமனைகளுக்கு அவரவர் எண்களை அவரவரிடமே காட்டினார்கள், செய்ய வேண்டியவற்றைப் பட்டியலாகக் கொடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள். திட்டத்துக்கு முன் 30 நாளுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு, பக்கவாதம், பெரும் இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்றைச் சந்தித்தவர்கள் 6.4 சதவீதம். பின் 5.3 சதவீதம். அங்கேயே நிறுத்தி வெற்றி என்று அறிவித்திருக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் காலப்போக்கிலேயே வந்த முன்னேற்றத்தையும், மருத்துவமனைக்கு மருத்துவமனை உள்ள வேறுபாட்டையும் கழித்துப் பார்த்தபோது, திட்டத்தால் வந்த பலன் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 2018-இல் அதை அப்படியே வெளியிட்டார்கள். இதை நடத்திய கேரளத்து இதயநோய் மருத்துவர்களை நான் மிகவும் மதிக்கிறேன். முன்னே, பின்னே என்ற இரண்டு எண்களை மட்டும் காட்டி விருது வாங்கும் காலத்தில், இப்படி எண்ணுவது பெரிய நேர்மை.

அதே ஆய்வு வடிவமைப்பில் மூளைக்குள் இரத்தம் கசிந்தவர்களுக்கான ஓர் ஆய்வு இந்தியா, இலங்கை உட்படப் பத்து நாடுகளில் நடந்தது. 7,036 நோயாளிகள், 2023-இல் முடிவு வெளியானது. அங்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆறாம் மாதத்தில் நோயாளிகளின் நிலை மேம்பட்டிருந்தது, இறப்பும் குறைந்திருந்தது. இரண்டும் தரத்தை உயர்த்தும் முயற்சிகள்தாம். ஏன் இந்த வேறுபாடு? நோய்கள் வேறு என்பது ஒரு காரணம். கேரளத்தில் மாரடைப்புக்கு ஏற்கெனவே நல்ல சிகிச்சை கிடைத்துக்கொண்டிருந்தது என்பது இன்னொன்று. எனக்குப் படுவது மூன்றாவது காரணம். இரத்தக்கசிவு ஆய்வில் வார்டுக்குச் சொன்னது மிகக் குறுகலானது: மேல் இரத்த அழுத்தம் 140-க்குக் கீழே, சர்க்கரை கட்டுக்குள், காய்ச்சல் கட்டுக்குள், இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் சாப்பிடுகிறவராக இருந்தால் அதற்கு மாற்று மருந்து, எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள். யார் செய்ய வேண்டும், எப்போதைக்குள், எந்த எண்ணைத் தொட வேண்டும் என்று கட்டில் ஓரத்தில் நிற்பவருக்குத் தெரிந்தது. மிடில்டனின் மூன்று காரியங்களும் அப்படிப்பட்டவையே.

வீட்டாருக்கே இயன்முறைப் பயிற்சி கற்றுக்கொடுத்தால் போதும் என்ற அழகான எண்ணத்தையும் இந்தியா சோதித்துப் பார்த்தது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். 2017-இல் வெளியான முடிவு: ஆறாம் மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும், பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் 47 சதவீதம். எண்ணிப் பார்க்காவிட்டால் அதையே நாடெங்கும் திட்டமாக்கி, இயன்முறை சிகிச்சையாளர்களை நியமிக்காமல் விட்டிருப்போம்.

5. எண்களை யாருக்குக் காட்டுவது

இது சுருக்கமான பகுதி. இங்கிலாந்தில் பக்கவாதச் சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஏ முதல் இ வரை தரம் போட்டு ஊரறிய வெளியிடுகிறார்கள். லண்டனில் 2010-இல் பக்கவாத அவசரச் சிகிச்சையை எட்டு மையங்களில் குவித்தார்கள், ஆம்புலன்ஸ் பக்கத்து மருத்துவமனையைத் தாண்டி அங்கேதான் போகும். அந்த முடிவை எடுக்கும் துணிவு பல ஆண்டுத் தணிக்கை எண்களிலிருந்து வந்தது. இந்தியாவில் எந்த மருத்துவமனையும் இந்த எண்களை மக்களுக்குக் காட்டக் கடமைப்பட்டதில்லை. சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவை இல்லை. கேரளத்து அரசு மருத்துவமனைகளுக்கு மேலாண்மைக் குழு உண்டு, அதில் மக்கள் பிரதிநிதிகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் கட்டடமும் லிஃப்டும் பேசி முடிந்த பிறகு நாலு கேள்வி கேளுங்கள். சென்ற மாதம் வந்த பக்கவாத நோயாளிகள் மொத்தம் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு வாயில் ஏதும் கொடுக்கும் முன் விழுங்கும் சோதனை நடந்தது? இரவில் வந்தவர்களுக்கு ஸ்கேன் எடுக்க எவ்வளவு நேரம் ஆனது? கையெழுத்துப் போட்டு வெளியேறியவர்கள் எத்தனை பேர்? தனியார் மருத்துவமனையில் குடும்பத்தாரைச் சேர்க்கும்போதும் இதையே கேட்கலாம். கேட்கும்போது குரலில் குற்றச்சாட்டு வேண்டாம். முதல் ஆண்டில் எண்கள் மோசமாகத்தான் இருக்கும். அப்போது மருத்துவரையோ செவிலியரையோ தலைப்புச் செய்தியாக்கினால், மறுமாதம் எல்லாக் கட்டத்திலும் ‘ஆம்’ என்று நிரம்பிவிடும். நாம் எதையும் தெரிந்துகொள்ள மாட்டோம்.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கொரு சொற்பொழிவுக்கு நீங்கள் ஒதுக்கும் நிதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, மேற்குக் கொச்சியிலிருந்து பக்கவாதத்தோடு மருத்துவமனை போன அத்தனை பேரையும் மூன்றாம் மாதத்தில் அழைத்துக் கேட்க, பல மொழி தெரிந்த ஒருவரை ஓர் ஆண்டுக்கு நியமியுங்கள். மருத்துவமனைகளின் ஒப்புதலும் நோயாளிகளின் சம்மதமும் வாங்க வேண்டும், பெயர்கள் வெளியே போகக் கூடாது. அந்த முறைகளை வகுத்துத் தர நான் வருகிறேன். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு வெளியூர்ப் பேச்சாளர் தேவைப்படாது. அந்த வேலையைச் செய்தவரே மேடையேறி, தாம் கேட்டறிந்ததை இந்த அவையில் வாசிக்கட்டும். அவர் இன்று பின்வரிசையில் இருக்கும் செவிலியர் மாணவியரில் ஒருவராக இருந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.